ஏசி ரிப்பேருக்கு யாரை நம்பிக் கூப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி மக்கர் பண்ணினால் வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது 'குளிர் வரவில்லை' என்பது மட்டும்தான். அடைத்துப்போன ஃபில்டருக்கும் அதே அறிகுறி, எரிந்துபோன கம்ப்ரெசருக்கும் அதே அறிகுறி. ஏமாற்று வேலை இந்த இடத்தில்தான் நுழைகிறது. ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்கள் செய்யும் அரைகுறை வேலையும் இங்கேதான் நடக்கிறது. வந்தவர் பழுதை அளக்கிறாரா, அளந்ததைக் காட்டுகிறாரா, அதற்குப் பிறகுதான் தொகை சொல்கிறாரா என்று பார்த்தால் இரண்டிலிருந்தும் பெரும்பாலும் தப்பிக்கலாம். கீழே உள்ள பதில்கள் ஸ்ப்ளிட் ஏசியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. விண்டோ ஏசிக்கும் பல பொருந்தும்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் நாமே எதையெல்லாம் பார்த்துவிடலாம்?

ரிமோட்டில் 'கூல்' மோட் இருக்கிறதா, வெப்பநிலை அறையைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தவறுதலாக 'ஃபேன்' அல்லது 'டிரை' மோடுக்கு மாறியிருப்பது நடக்கக்கூடியதே. அடுத்து முன்மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். தினமும் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது தேவை.

பிறகு அவுட்டோர் யூனிட். அதன் விசிறி சுற்றுகிறதா? அதைச் சுற்றிப் பொருட்களை அடுக்கி வைத்திருக்கிறோமா? சூடான காற்று வெளியேற வழியில்லாமல் திரும்ப உள்ளேயே இழுக்கப்பட்டால் நல்ல ஏசியும் குளிராது. திரையில் எரர் கோடு வந்தாலோ விளக்கு சிமிட்டினாலோ அதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் சில மாடல்களில் அந்தக் குறிப்பு மறைந்துவிடும்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவுட்டோர் யூனிட்டின் மூடியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கபாசிட்டரிலும் (மோட்டார் கிளம்பி ஓட உதவும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) இன்வெர்ட்டர் போர்டிலும் (கம்ப்ரெசரின் வேகத்தை மாற்றும் மின்சுற்று அட்டை) ஆபத்தான மின்னழுத்தம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

போனில் பேசும்போதே ஒரு நிறுவனத்தை எடைபோட முடியுமா?

ஓரளவு முடியும். பிராண்ட், டன், இன்வெர்ட்டரா இல்லையா, என்ன கேஸ் (ஆர்-22, ஆர்-32 போன்ற குளிரூட்டும் வாயு), என்ன அறிகுறி என்று அவர்கள் உங்களைக் கேட்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியவை: பார்ப்பதற்கான கட்டணம் எவ்வளவு, ரிப்பேர் செய்தால் அது பில்லில் கழிக்கப்படுமா, வருபவர் உங்கள் ஊழியரா அல்லது வெளியாளா, கேஸ் நிரப்பினால் எடை பார்த்து நிரப்புவீர்களா, வேலைக்கு எத்தனை நாள் வாரண்டி, பாகத்துக்கு எத்தனை நாள்.

எடை பற்றிய கேள்வி முக்கியமானது. முறையாக வேலை செய்யும் நிறுவனம் தயங்காமல் "ஆமாம், வெயிங் ஸ்கேல் கொண்டு வருவோம்" என்று சொல்லும். "அதெல்லாம் எங்க ஆளுக்குத் தெரியும், நீங்க கவலைப்படாதீங்க" என்ற பதில் வந்தால் இன்னொரு நிறுவனத்தையும் விசாரியுங்கள். அறிகுறியைக் கேட்டவுடன், ஏசியைப் பார்க்காமலேயே "கேஸ் போயிருக்கும், இவ்வளவு ஆகும்" என்று தொகை சொல்பவரை அழைக்காமல் இருப்பதே நல்லது.

கம்பெனி சர்வீஸ் சென்டரா, வெளி மெக்கானிக்கா?

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ்தான். வெளியாள் திறந்துவிட்டால் வாரண்டி மறுக்கப்படலாம். பல ஏசிகளில் மொத்த வாரண்டி சீக்கிரம் முடிந்தாலும் கம்ப்ரெசருக்கும் போர்டுக்கும் தனியாக நீண்ட வாரண்டி இருக்கும். அட்டையை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாரண்டி முடிந்த பிறகு, இன்வெர்ட்டர் போர்டு, அந்த மாடலுக்கே உரிய சென்சார் போன்றவற்றுக்குக் கம்பெனி பக்கம் கை ஓங்கியிருக்கும். கபாசிட்டர், ஃபேன் மோட்டார், ட்ரெயின் (தண்ணீர் வெளியேறும் குழாய்), கேஸ் கசிவு போன்ற வேலைகளைக் கருவிகளோடு வரும் நல்ல வெளி டெக்னீஷியன் அதே தரத்தில் செய்வார்.

தேடும்போது கிடைக்கும் எண்கள் எல்லாம் கம்பெனியுடையவை என்று நம்பிவிடக் கூடாது. பிராண்டின் பெயரைப் போட்டு விளம்பரம் செய்யும் தொடர்பில்லாத ஆட்கள் நிறைய. ஏசியோடு வந்த கையேட்டில் அச்சிட்ட எண்ணை அழையுங்கள்.

நட்சத்திர மதிப்பீடுகளை நம்பலாமா?

ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, குறை சொன்னவர்கள் எழுதியதைப் படியுங்கள். "கேஸ் போட்டு இரண்டு மாதத்தில் மறுபடி போய்விட்டது", "பழைய பாகத்தைத் தரவில்லை" என்ற மாதிரி ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அது அந்த நிறுவனத்தின் வேலைமுறை. அக்கம்பக்கத்தில் அதே நிறுவனத்திடம் ஓராண்டுக்கு முன் வேலை வாங்கிய ஒருவர் கிடைத்தால் அவர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். கசிவை அடைத்த வேலை நல்லதா இல்லையா என்பது ஒரு முழுக் கோடை போன பிறகுதான் தெரியும்.

டெக்னீஷியன் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பழுது பார்க்க: மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், உங்கள் ஏசியின் கேஸுக்குப் பொருத்தமான பிரஷர் கேஜ். கேஸ் வேலைக்கு: நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும், வேக்யூம் பம்ப் (குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பது), மைக்ரான் கேஜ் (அந்த வேக்யூமை அளப்பது), வெயிங் ஸ்கேல், ஃப்ளேரிங் டூல் (நட் போட்டு இணைக்கக் குழாய் முனையை விரிப்பது), டார்க் ரெஞ்ச் (அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்). முதல் தடவை பார்க்க வரும்போதே எல்லாவற்றையும் தூக்கி வர வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு கேஸ் டின்னும் மட்டுமே வைத்துக்கொண்டு கேஸ் வேலையைத் தொடங்குபவரை நிறுத்திவிடுங்கள்.

"கேஸ் குறைஞ்சிருக்கு, டாப்-அப் பண்ணணும்" என்கிறார். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏசியில் கேஸ் செலவாகும் பொருளே கிடையாது. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. வருடத்துக்கு வருடம் நிரப்ப வேண்டியதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஆகவே "டாப்-அப்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, "எங்கே லீக் ஆகுது?"

கேஸ் குறைந்ததைக் காட்டும் அடையாளங்கள் உண்டு. இண்டோர் காயிலில் (தகடுகளோடு உள்ள குழாய்ச்சுருள்) ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து மீதி வெதுவெதுப்பாக இருக்கும். அவுட்டோரில் மெல்லிய குழாயின் வால்வில் பனி படியலாம். கம்ப்ரெசர் இழுக்கும் ஆம்பியர், பெயர்ப்பலகையில் (ஏசியின் மேல் ஒட்டிய விவரத் தகடு) உள்ளதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். நல்ல நிலையில் உள்ள ஏசி கால் மணி நேரம் ஓடிய பின் அந்த வித்தியாசம் சுமார் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருக்கும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் இது கொஞ்சம் குறையும், அதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம்.

கேஜில் காட்டும் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் காட்டித்தான் பலரையும் நம்ப வைக்கிறார்கள். ஏசி நின்றிருக்கும்போது பார்க்கும் அழுத்தம், உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைச் சொல்லாது. உள்ளே துளி திரவம் மிச்சம் இருக்கும்வரை அந்த எண் சுற்றுப்புற வெப்பத்தை ஒட்டியே நிற்கும். எனவே ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். சாதாரண ஏசி நன்றாகக் குளிர்ந்து ஓடும்போது தாழ்பக்க அழுத்தம் (கம்ப்ரெசருக்குத் திரும்பி வரும் கேஸின் அழுத்தம்) ஆர்-22 கேஸுக்கு ஏறக்குறைய 60 முதல் 70 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டுக்கும் ஏறக்குறைய 110 முதல் 140 பிஎஸ்ஐ. ஆர்-32 ஏசியில் 120 வந்தால் "ரொம்ப ஏறியிருக்கு" என்பதும், அதே 70 வந்தால் "சரியா இருக்கு" என்பதும் தவறு. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரெசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தமும் மாறும். அதை டெஸ்ட் மோடில், நிலையான வேகத்தில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: அழுக்கு ஃபில்டர், தூசி அடைத்த காயில், மெதுவாகச் சுற்றும் புளோயர் (இண்டோரின் விசிறி) ஆகியவையும் தாழ்பக்க அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். காயிலைச் சுத்தம் செய்யாமல் கேஜைப் பார்த்துக் கேஸ் ஏற்றினால், பிறகு யாராவது காயிலைக் கழுவும்போது கேஸ் அதிகமாகி கம்ப்ரெசர் திணறும். முதலில் சுத்தம், பிறகு அளவு.

கேஸ் வேலை முறையாக நடந்தால் என்ன வரிசையில் நடக்கும்?

முதலில் கசிவைத் தேடுவார். குழாயின் மேல் சுற்றிய இன்சுலேஷனை விலக்கி, ஃப்ளேர் நட் இணைப்புகளிலும் சர்வீஸ் வால்விலும் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பார். கேஸோடு கம்ப்ரெசர் எண்ணெயும் கசியும் என்பதால் கறை படிந்து தூசி ஒட்டிய இடம் பெரும்பாலும் கசிவு இடம். சோப்பு நுரையோ எலக்ட்ரானிக் டிடெக்டரோ வைத்து உறுதி செய்வார். சிறு கசிவானால் மீதமுள்ள கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பார். ஏற்றும் அழுத்தம் பெயர்ப்பலகையில் உள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது இணைக்கப் போனால் உடனே தடுத்து வீட்டை விட்டு வெளியேறுங்கள். எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும்.

கசிவு ஃப்ளேர் இணைப்பில் என்றால் நட்டை இன்னும் இறுக்கிப் பார்ப்பதோடு விடக் கூடாது. முனையை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் அடித்து, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 49 முதல் 61 வரை என்பது வழக்கமான அளவு. பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் செம்பு நசுங்கி அதே இடத்தில் மறுபடி கசியும். பற்றவைக்க வேண்டியிருந்தால் குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டபடி பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்புறம் கருகி, அந்தக் கரி உதிர்ந்து கேபிலரியை (கேஸ் போகும் மிக நுண்ணிய குழாய்) அடைக்கும். கசிவை அடைக்கும் திரவத்தை உள்ளே ஊற்றுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவும் கேபிலரியைத்தான் அடைக்கும்.

அடுத்து வேக்யூம். பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு 500 மைக்ரானுக்கு (வேக்யூமின் அலகு) கீழே இறக்கி, வால்வை மூடிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எண் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் ஓட்ட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு அடைபடவில்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டு, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதன் தள்ளுதலில் காற்றை வெளியேற்றுவது மிகப் பரவலான குறுக்குவழி. காற்றும் ஈரமும் உள்ளே தங்கும். இப்போதைய ஏசிகளில் உள்ள எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி அமிலமாக மாறி, கம்ப்ரெசர் வைண்டிங்கின் (உள்ளே இருக்கும் மோட்டாரின் கம்பிச்சுருள்) பூச்சை அரிக்கும். கேஸ் போட்ட ஓராண்டில் கம்ப்ரெசர் எரிந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியாக, சிலிண்டரை வெயிங் ஸ்கேலில் வைத்து, பெயர்ப்பலகையில் எழுதிய எடையை நிரப்ப வேண்டும். வீட்டு ஸ்ப்ளிட் ஏசிகளில் இது பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் 1.2 கிலோவுக்கும் நடுவில் இருக்கும். 800 கிராம் கேட்கும் ஏசியில் 80 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. குழாய் நீளம், கையேட்டில் சொன்னதைவிட அதிகமானால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்றும் கையேட்டிலேயே இருக்கும். ஸ்கேலில் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேஸுக்குப் பதில் வேறு கேஸ் போடலாமா?

கூடாது. ஆர்-22 ஏசி குறைந்த அழுத்தத்துக்கும் வேறு வகை எண்ணெய்க்கும் செய்யப்பட்டது. அதில் ஆர்-410ஏ அல்லது ஆர்-32 ஏற்றினால் அழுத்தமே ஆபத்து. ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 இரண்டும் சம எடையில் கலந்த கலவை. எனவே அதைத் திரவ நிலையில் நிரப்ப வேண்டும், ஆவியாக விட்டால் விகிதம் மாறும்.

ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பற்றும். இந்த இரண்டு கேஸ் உள்ள ஏசியில் வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது, கேஸை முழுக்க எடுத்து நைட்ரஜன் விட்டுத் துடைத்த பிறகே டார்ச் பற்ற வேண்டும். "உங்க ஏசியில என்ன கேஸ்?" என்று பெயர்ப்பலகையைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குபவரிடம் இந்த ஏசியைக் கொடுக்காதீர்கள்.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாக நிறுத்தப்படுகிறது. ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரே எடை கார்பன் டை ஆக்சைடைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ரிக்கவரி மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்கும் நிறுவனம் கிடைத்தால் அவர்களுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

"கம்ப்ரெசர் போயிடுச்சு" என்றால்?

அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் கம்ப்ரெசர் முனகிவிட்டு நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கபாசிட்டரை. அதன்மேல் 45 மைக்ரோஃபாரட், கூட்டல் கழித்தல் 5% என்று எழுதியிருந்தால், மீட்டரில் 42.75க்கும் 47.25க்கும் நடுவே காட்ட வேண்டும். 30 காட்டினால் பழுது அதுதான். கம்ப்ரெசரோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

கபாசிட்டர் சரியாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்தி, கம்ப்ரெசரின் மூன்று முனைகளையும் (காமன், ரன், ஸ்டார்ட்) கழற்றி ஓம் அளவு (மின்தடை) எடுக்கச் சொல்லுங்கள். காமன்–ரன், காமன்–ஸ்டார்ட் இரண்டையும் கூட்டினால் ரன்–ஸ்டார்ட் அளவு வர வேண்டும். உதாரணமாக 2, 4, 6. இன்வெர்ட்டர் கம்ப்ரெசரில் மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். எந்த முனைக்கும் கம்ப்ரெசரின் வெளி உடலுக்கும் இடையே இணைப்பு இருக்கவே கூடாது. இருந்தால் வைண்டிங் உடைந்து உடலைத் தொட்டிருக்கிறது, கம்ப்ரெசர் உண்மையிலேயே போய்விட்டது.

நல்ல கம்ப்ரெசரைத் தூக்கி எறிய வைக்கும் ஒரு பொறி இங்கே இருக்கிறது. கம்ப்ரெசர் அதிகம் சூடானால் உள்ளே இருக்கும் ஓவர்லோடு (பாதுகாப்பு ஸ்விட்ச்) தன்னால் திறந்துகொள்ளும். அப்போது காமனிலிருந்து எடுக்கும் இரண்டு அளவும் 'ஓப்பன்' (இணைப்பே இல்லை) காட்டும், ரன்–ஸ்டார்ட் மட்டும் சரியாகக் காட்டும். தொட முடியாத சூட்டில் இந்த அளவு வந்தால், சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஆறிய பின் அளவு திரும்பி வந்தால், ஏன் சூடானது என்று தேட வேண்டும்: தூசி அடைத்த கன்டென்சர் (அவுட்டோர் காயில்), ஓடாத விசிறி, குறைந்த கேஸ், குறைந்த மின்னழுத்தம்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையது ஏன் எரிந்தது என்ற காரணம் எழுத்தில் வேண்டும். எரிந்த கம்ப்ரெசரின் அமிலம் குழாய் முழுக்கப் பரவியிருக்கும். குழாயைக் கழுவி, ஃபில்டர் டிரையரை (குழாயில் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் பாகம்) மாற்றாமல் புதியதைப் பூட்டினால் அதுவும் வெகுநாள் ஓடாது.

இன்வெர்ட்டர் போர்டு பழுது என்கிறார்கள்.

எரர் கோடைக் காட்டி, கையேட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கச் சொல்லுங்கள். 'கம்யூனிகேஷன் எரர்' வந்தால் போர்டு மட்டும் காரணம் இல்லை. இண்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் ஒயரில் தளர்வு, நடுவில் ஒட்டு, எலி கடித்தது என்று பலவும் இருக்கலாம். சென்சார் எரர் என்றால் சென்சாரின் ஓம் அளவை எடுத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். போர்டை ரிப்பேருக்கு எடுத்துப் போனால் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். போர்டு சரியாகித் திரும்பினால் மின் ஏற்ற இறக்கத்தால் போனதா, பல்லி, எறும்பு புகுந்து போனதா என்று கேட்டு, அதற்கும் தடுப்பு செய்யச் சொல்லுங்கள்.

இண்டோரில் தண்ணீர் சொட்டுகிறது. இதற்கும் கேஸ் போடணும் என்கிறார்களே?

பெரும்பாலும் ட்ரெயின் குழாயில் பாசி அடைத்திருக்கும், அல்லது குழாய் நடுவில் மேலேறி இருக்கும், அல்லது யூனிட் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கும். அடைப்பை எடுத்த பிறகு தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று உங்கள் முன்னால் காட்ட வேண்டும். காயிலில் ஐஸ் கட்டி உருகிச் சொட்டினால் மட்டும் கேஸ் குறைவும் ஒரு காரணமாகலாம். அப்போதும் ஃபில்டரையும் புளோயரையும் பார்த்த பிறகுதான்.

சர்வீஸ் என்றால் என்னென்ன செய்ய வேண்டும்?

ஃபில்டரைக் கழுவிவிட்டு மேலே துடைத்துப் போவது சர்வீஸ் ஆகாது. இண்டோர் காயில், உருளை வடிவப் புளோயர், ட்ரெயின் தட்டு, அவுட்டோர் காயில் நான்கும் கழுவப்பட வேண்டும். தண்ணீர் போர்டில் படாமல் மூட வேண்டும். அலுமினியத் தகடுகள் மடங்காதபடி தண்ணீரை நேராக அடிக்க வேண்டும். வீரியமான அமிலம் ஊற்றினால் காயில் பளபளக்கும், ஆனால் தகடு அரிக்கப்பட்டுப் பின்னாளில் பொத்தலாகும். சர்வீஸ் பில்லில் கேஸ் 'செக்கிங்' என்று தனித் தொகை இருந்தால் என்ன அளந்தார்கள் என்று கேளுங்கள். தேவையில்லாமல் கேஜ் மாட்டுவதே கொஞ்சம் கேஸை வெளியேற்றும்.

ஆண்டு ஒப்பந்தம் எடுப்பதாக இருந்தால் கேஸும் பாகங்களும் அதில் சேர்கிறதா என்பதே கேள்வி. சேரவில்லை என்றால் அது முன்கூட்டியே பணம் கட்டிய சர்வீஸ்தான்.

எஸ்டிமேட்டிலும் பில்லிலும் என்ன எழுதியிருக்க வேண்டும்?

ஏசியின் மாடல், சீரியல் எண், கண்டுபிடித்த பழுது, அளந்த எண்கள், மாற்றும் பாகம் ஒரிஜினலா வெளிச் சந்தையா, கேஸின் பெயரும் கிராமும், கூலி தனி, பாகம் தனி, வாரண்டி நாட்கள். "ஏசி ரிப்பேர்" என்று ஒரே வரியில் தொகை போட்ட பில்லைக் கொண்டு பிறகு எதையும் கேட்க முடியாது. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் தேவைப்பட்டால் பாகத்தின் விலை அளவுக்குக் கொடுக்கலாம், முழுத் தொகை வேலை முடிந்து ஓட்டிப் பார்த்த பிறகு.

அவுட்டோர் உயரமான சுவரில் இருந்தால் பாதுகாப்புக் கயிறு போட்டு வேலை செய்கிறார்களா, ஊழியருக்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அது, அவர்களுக்காகவும்தான்.

வேலை முடிந்ததும் எப்படிச் சரிபார்ப்பது? பழுது திரும்பி வந்தால்?

அரை மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று, கம்ப்ரெசர் ஆம்பியர், ஓடும் அழுத்தம் நான்கையும் பில்லின் பின்பக்கம் தேதியோடு எழுதி வாங்குங்கள். பிரித்த இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் காட்டச் சொல்லுங்கள். வால்வு மூடிகள் எல்லாம் திரும்ப மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

சில வாரங்களில் குளிர் குறைந்தால் அதே நிறுவனத்தை அழைத்து, அந்தத் தாளைக் காட்டி அதே நான்கு எண்களை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் கசிவைக் காட்டாமல் கேஸ் ஏற்றவே வந்தால் ஏற்ற விடாதீர்கள். கசிவு எங்கே என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் முதல் பில்லோடு வேறு நிறுவனத்திடம் போய், கசிவு பார்க்க மட்டும் என்று தனிக் கட்டணம் பேசி நைட்ரஜன் சோதனை செய்யச் சொல்லுங்கள். காயிலிலேயே பல இடங்களில் கசிகிறது என்று அது காட்டினால், காயில் மாற்றும் செலவைப் புதிய ஏசியின் விலையோடு வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம். பத்து வயதைத் தாண்டிய, ஆர்-22 கேஸ் உள்ள ஏசிக்குக் காயில் மாற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.